அஞ்சே முக்காலுக்கு எரிந்த விளக்கு

கடற்கரை அண்ணாச்சிக்கு எந்த யந்திரத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. மனுசன் மேலும் பெரிதாகக் கிடையாதுதான். ஆனால் மனுசனை எதிரே நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம். யந்திரத்தை என்னவென்று கேட்க?

மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டின் மேலேயே அவர் வீடு. குற்றாலத்தில் நாலு சின்ன வீடுகளைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். "சாரல் விழுதா, வீடு காலியா இருக்கா" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதற்காகவே பதினைந்து வருசத்துக்கு முன்னால் போன் வாங்கிப் போட்டார். மரப்பெட்டி போன். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கரகரவென்று சுற்றினால் தென்காசி எக்சேஞ்சில் கல்யாணசுந்தரி எடுப்பாள். "என்ன அண்ணாச்சி, அருவியில தண்ணி எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்ட நம்பரைக் கொடுப்பாள்.

அந்தப் போனுக்கு வெளியிலிருந்து வந்தது ஒற்றைக் கம்பி. இன்னொரு கம்பி மண்ணுக்குள் போனது. வாசலுக்கு வலப்பக்கம் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, அதில் ஒரு இரும்புக் குழாயை இறக்கி, குழாயின் தலையில் செம்புக் கம்பியைச் சுற்றி வீட்டுக்குள் இழுத்திருந்தார்கள். போன் மாட்டிய லைன்மேன் அன்றைக்குச் சொன்னார்: "தினம் காலையில இந்தக் குழாயில ஒரு குடம் தண்ணி ஊத்தும். மண்ணு காஞ்சா பேச்சு கேக்காது."

பதினைந்து வருசத்தில் கடற்கரை ஒரு நாள் தவறவிட்டதில்லை. காலை அஞ்சே முக்காலுக்குக் குளித்து, திருநீறு பூசி, கிணற்றில் ஒரு குடம் இறைத்து அந்தக் குழாயில் ஊற்றிவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொடுவார். காய்ச்சலில் கிடந்த நாட்களில் பெண்சாதி பார்வதியம்மாளை ஊற்றச் சொல்லி, கட்டிலில் கிடந்தபடியே சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

எண்பத்திரண்டாம் வருசம் சித்திரையில் எக்சேஞ்சு ஆட்டோமேட்டிக் ஆனது. இனி யாரையும் கேட்க வேண்டாம், நம்பரைச் சுற்றினால் மணி தானே அடிக்கும் என்றார்கள். லைன்மேன் துல்கர்னைன் வந்தான். முப்பத்தைந்து வயசிருக்கும், வாய்க்காரன். மரப்பெட்டியைக் கழற்றிக்கொண்டு கறுப்புப் போன் ஒன்றை வைத்தான். ரோட்டோரத்துப் போஸ்டிலிருந்து ரெண்டு கம்பி இழுத்தான். மண்ணுக்குப் போகிற கம்பியைக் கட்டிங் பிளையரால் நறுக்கென்று வெட்டினான்.

"ஏன் வே அதை வெட்டுத?"

"இனி மண்ணு வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு கம்பியே போதும்."

அவன் சைக்கிள் கண் மறைந்ததும், "சோம்பேறிப் பய, வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போறான்" என்று முனகிக்கொண்டே கடற்கரை கத்தியை எடுத்தார். சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. அதற்குப் பின்னால்தான் புதுக் கம்பிகள் ஓடின. ஒன்றின் தோலைச் சுரண்டினார். வெட்டுப்பட்ட மண் கம்பியை இழுத்து அதில் நாலு சுற்று இறுக்கிச் சுற்றினார். காலண்டரை நேராக்கினார். அதோடு அதை மறந்தும் போனார். ஊற்றுகிற தண்ணீரை மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் போன் செத்துக் கிடந்தது.

வேறு நேரமாக இருந்தால் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் மகள் குழல்வாய்மொழி பம்பாயில் நிறைமாசமாக இருந்தாள். முன்னால் ரெண்டு குழந்தை தங்கவில்லை. பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர முடியாமல், ரயில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் குற்றாலநாதன் ஒரு மில்லில் ராத்திரி ஷிப்டு. ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது, காலை ஏழு மணிக்கு, கேட்டில் இருக்கிற போனில் பேச விடுவார்கள். அதை விட்டால் அவனுக்கு வேறு போன் இல்லை; இங்கிருந்து கூப்பிட்டாலும் அவனிடம் கொடுக்க மாட்டார்கள். புது நம்பர் இன்னது, அதைச் சுற்றினால் நேரே வீட்டில் அடிக்கும் என்று பத்து நாளைக்கு முன்பே அவனுக்குக் கடுதாசி போயிருந்தது.

இதில் கடற்கரை பண்ணிய இன்னொரு காரியமும் உண்டு. பார்வதியம்மாளின் தம்பி இறந்த சேதி தந்தியில்தான் வந்தது. சைக்கிள் மணி கேட்டு வாசலுக்குப் போனவள் அப்படியே சாய்ந்தாள். மூணு நாள் ஆஸ்பத்திரி. அதனால் அந்தக் கடுதாசியிலேயே மருமகனுக்குக் கண்டிப்பாக எழுதியிருந்தார்: நல்லதோ கெட்டதோ, தந்தி மட்டும் அடிக்கக் கூடாது. போனில் என்னிடம் சொல்லு.

இப்போது தந்தியும் வராது, போனும் அடிக்காது.

முதல் நாள் மத்தியானம் எடுத்துப் பார்த்தார். ஙொய் என்று சத்தம் வந்தது. உயிர் வந்துவிட்டது! எக்சேஞ்சுக்குச் சுற்றித் திட்டினார். மூணு மணிக்குத் துல்கர்னைன் வந்து எடுத்துப் பார்த்தான்.

"நல்லாத்தான இருக்கு?"

"காலையில செத்துக் கெடந்துச்சு வே."

"நீங்க தலைகீழா பிடிச்சிருப்பிய."

அடுத்த நாளும் அதே கதை. காலையில் செத்தது, மத்தியானம் பிழைத்தது. மூன்றாம் நாள் போனையே மாற்றிக் கொடுத்தான். ஐந்தாம் நாள் போஸ்டில் ஏறி முடிச்சையெல்லாம் அவிழ்த்துக் கட்டினான். வந்ததெல்லாம் மத்தியானத்துக்கு மேலேதான். காலையில் அவனுக்குக் குற்றாலம் பக்கம் லைன் வேலை. வந்தபோதெல்லாம் போன் ஙொய் என்றது. அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

பார்வதியம்மாள் தினமும் காலை ஏழு மணிக்கு அடுப்பை விட்டு வந்து போனுக்கு எதிரே உட்காருவாள். எட்டு மணிக்கு எழுந்து போவாள். ஆறாம் நாள் அவள் எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கடற்கரை அதைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தென்காசி பஸ் ஏறிவிட்டார்.

எக்சேஞ்சு வாசலில் அன்றைக்குத் துல்கர்னைன் அகப்பட்டான்; அவனையும் இழுத்துக்கொண்டு போனார். புகார் மேசையில் கல்யாணசுந்தரி இருந்தாள். பதினைந்து வருசமாகக் குரலாக மட்டும் தெரிந்தவள், நரை விழுந்து, மூக்குக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாயி, எனக்கு உன் ஆட்டோமேட்டிக் வேண்டாம். பழைய மாதிரி நீயே லைனைக் குத்தி விடு. எம் பிள்ள இருக்காளா இல்லையான்னு தெரியல."

அவள் எழுந்துவிட்டாள். "உள்ள வாங்க அண்ணாச்சி. செருப்பைக் கழட்டிருங்க, தூசி ஆகாது."

குளிர்ந்த அறை. தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்புச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் அடுக்கடுக்காக, விரல் நீளத்துக்குத் தண்டு தண்டாக ஏதோ நின்றது. ஆள் யாரும் தொடவில்லை. ஒரு தண்டு தானாகத் தட்தட்தட்டென்று மேலே ஏறியது. நின்றது. பக்கவாட்டில் திரும்பியது. நின்றது. அடுத்த சட்டத்தில் இன்னொன்று ஏறியது. அப்புறம் பத்து, இருபது. தகரக் கூரையில் சாரல் விழுகிற மாதிரி அறை முழுக்கச் சத்தம்.

"இப்ப ஊர்ல யாரோ நம்பர் சுத்துதாங்க" என்றான் துல்கர்னைன். "அவங்க ஏழு சுத்துனா இது ஏழு படி ஏறும். மூணு சுத்துனா மூணு. வேண்டிய வீட்டைத் தொட்டதும் நின்னுரும்."

"யாரு சொல்லி ஏறுது?"

"அவங்க விரலு சொல்லித்தான்."

கடற்கரை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏன் கட்டினோம் என்று அவருக்கே தெரியாது.

ஒரு மூலையில் சின்னச் சின்ன விளக்குகள். எல்லாம் அணைந்திருக்க, ஒன்று மட்டும் சிவப்பாக எரிந்தது.

"அதான் உங்க வீடு" என்றாள் கல்யாணசுந்தரி. "போனை எடுத்துட்டுப் பேசாம வச்சிருந்தா இப்படி எரியும். வேற யார் கூப்பிட்டாலும் பேசிட்டிருக்காங்கன்னு தள்ளிவிட்டுரும்."

"எவன் எடுத்தான்? போன் கவுத்தியே கெடக்கு!"

"அதான் எனக்கும் புரியல. நான் குறிச்சு வச்சிருக்கேன், பாருங்க." நோட்டைத் திறந்தாள். "முதல் நாள் அஞ்சே முக்காலுக்கு எரிஞ்சது, பதினொன்றரைக்கு அணைஞ்சது. ரெண்டாம் நாள் அஞ்சே முக்கால். மூணாம் நாள் அஞ்சே முக்கால். நாலாம் நாள் மட்டும் ஆறரை. அப்புறம் மறுபடி அஞ்சே முக்கால். விடியக்காலம் எந்திரிச்சு என்னதான் பண்ணுதிய?"

கடற்கரை நோட்டையே பார்த்தார். நாலாம் நாள். அன்றைக்குத்தான் கிணற்றுக் கயிறு அறுந்தது. பக்கத்து வீட்டில் கயிறு வாங்கி வந்து குடத்தைத் தூக்கும்போது ஆறரை ஆகிவிட்டது.

மேலகரத்தில், இருட்டு பிரியாத நேரத்தில், தான் மட்டும் நின்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது இந்த இரும்புக்குத் தெரிந்திருக்கிறது. கயிறு அறுந்ததும் தெரிந்திருக்கிறது.

"தண்ணி ஊத்துனேன்" என்றார்.

"எதுல?"

"மண்ணுக் குழாயில."

துல்கர்னைன் முழித்தான். "குழாயில ஊத்துனா இதுக்கென்ன? நான்தான் கம்பிய வெட்டிட்டேனே?"

"நீ வெட்டுன. நான் கட்டுனேன்."

துல்கர்னைன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அட அண்ணாச்சி! ஆறு நாளா என்னைப் போஸ்ட்டு போஸ்ட்டா ஏற விட்டியளே! போனை எடுத்தா கரண்டு ஓடும், கரண்டு ஓடுனா விளக்கு எரியும். நீங்க ஈரமாக்குனதும் மண்ணு அந்தக் கரண்டை இழுத்துக்கிடுது. நீங்க போனை எடுத்துட்டியன்னு இது நினைச்சுக்கிடுது. வெயிலேறி மண்ணு காஞ்சதும் விட்டுருது."

"நீ சொல்லிட்டா ஆச்சா? நான் கண்ணால பாக்கணும்."

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மேலகரம் போனார். துல்கர்னைன் காலண்டரைத் தூக்கினான். நாலு சுற்றையும் பார்த்து, "நான்கூட இவ்வளவு இறுக்கமா கட்ட மாட்டேன்" என்றான். எக்சேஞ்சில் சோதனை மேசையிலிருந்து கல்யாணசுந்தரி லைனில் இருந்தாள்; மண்ணுக்குக் கரண்டு போனால் மட்டும் எரிகிற விளக்கு ஒன்று அந்த மேசையில் உண்டு. ரிசீவரைக் கடற்கரையின் காதில் வைத்தான். கம்பியை அவிழ்த்தான்.

"அணைஞ்சிட்டு அண்ணாச்சி."

கடற்கரை கம்பியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தானே தொடுவித்தார்.

"எரியுது."

எடுத்தார்.

"அணைஞ்சிட்டு."

தொட்டார். எடுத்தார். சத்தமில்லாமல், அவள் ஏமாற்றுகிறாளா என்று பார்க்க, ரெண்டு தரம் தொட்டு எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணடிக்கிய?" என்றாள் அவள்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சோதிக்கவில்லை. துல்கர்னைன் மண் கம்பியை அடியோடு பிடுங்கிச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான். "இதை இங்கன வச்சா திரும்பக் கட்டிருவிய" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை குளித்தார். திருநீறு பூசினார். பழக்கத்தில் ஒரு குடம் இறைத்தும் விட்டார். குழாய் வரைக்கும் போய்விட்டார். கம்பி அங்கே இல்லை, ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது, அவருக்குத் தெரியும். ஆனாலும் ஊற்ற மனசு வரவில்லை. குடத்தைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே வந்தார்.

பார்வதியம்மாள் போனுக்கு எதிரே இருந்தாள். இவரும் உட்கார்ந்தார். ஏழு அடித்தது. ஏழே கால். ரோட்டில் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிற டெம்போ ஒன்று இரைந்துகொண்டு போனது. அந்த இரைச்சலுக்குள் மணி அடித்தது. முதலில் ரெண்டு பேருமே நம்பவில்லை.

கடற்கரை எடுத்தார். காதில் கடல் மாதிரி ஒரு இரைச்சல்.

"மாமா! எத்தனை நாளா அடிக்கேன்! எப்ப பாத்தாலும் பேசிக்கிட்டே இருக்கிய! யாருகிட்ட மாமா இப்படிப் பேசுதிய?"

"பிள்ள எப்படிலே இருக்கா? அதைச் சொல்லு!"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மாமா. பொட்டப்பிள்ள. இன்னைக்கு அஞ்சாம் நாளு. ஆஸ்பத்திரியிலேருந்துதான் பேசுதேன், நர்ஸம்மா போன். தந்தி அடிக்கப் போனேன், குழலு விடல, அப்பா வேண்டாம்னுருக்காங்கன்னு… இருங்க, இந்தா, இதைக் கேளுங்க."

இரைச்சல் கொஞ்சம் விலகியது. அப்புறம் வந்தது அந்தச் சத்தம். மெலிசாக, கோபமாக, பசியோடு. பம்பாயில் அழுகிற பிள்ளை மேலகரத்தில் அவர் காதுக்குள் அழுதது.

அவர் ரிசீவரைப் பார்வதியம்மாளின் காதில் வைத்து, அவள் கையையும் தன் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் கேட்டாள். கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு பம்பாய் வரைக்கும் போனில்லாமலே கேட்கிறாற்போலக் கத்தினாள்: "ஏட்டி குழலு! பிள்ளைக்கு வயித்துல துணி சுத்துனியா?"

பேசி முடித்து வைத்த பிறகும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க லைன் குடுத்தா? கல்யாணசுந்தரியா?"

"இல்ல. யாரும் குடுக்கல."

"யாரும் குடுக்காம எப்படி வரும்?"

கடற்கரை வாசலுக்கு வந்தார். ரெண்டு கம்பி ஓட்டின் அடியிலிருந்து புறப்பட்டுப் போஸ்டுக்குப் போனது. அங்கிருந்து அடுத்த போஸ்டு. புளியமரங்களுக்கு இடையே தென்காசிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அங்கே அந்தக் குளிர்ந்த அறையில், இந்நேரம் ஒரு தண்டு ஏறி, நின்று, திரும்பி, இந்த வீட்டைத் தொட்டிருக்கும்.

"வருதுட்டி" என்றார்.

குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைத் தூக்கிக் கொண்டுபோய், கம்பிக்கு எட்டாத தூரத்தில் நின்ற செம்பருத்திக்கு ஊற்றினார்.