கண்ணாடிக்குள் ஞானராஜ்

என் கணவர் ஞானராஜ் செவ்வாய்க்கிழமை முதல் கண்ணாடிக்குள் இருக்கிறார்.

தப்பு என்னுடையது. எங்கள் பட்டறையில் அவர் குழாயில் ஊதுவார். மறுமுனையில் உருகிய கண்ணாடியை நான் உருட்டி, அழுத்தி, சிலையாக்குவேன். நான் "போதும்" என்று சொல்லும்வரை ஊத வேண்டும். அதுதான் முறை. அன்று வளைவு அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. சொல்ல மறந்துவிட்டேன். மனுஷன் தன்னையே முழுவதுமாக உள்ளே ஊதிவிட்டார்.

ஆறவைக்கும் அடுப்பில் மூன்று நாள் வைத்திருந்தேன். அவசரப்பட்டு எடுத்தால் விரிசல் விடும்.

"பசிக்குதாங்க?"

"இல்ல. முதுகுதான் பிடிச்சிருக்கு."

வெள்ளிக்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு கண்காட்சிக்குப் போனேன். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. உட்காரக்கூட ஒரு நாற்காலி போடவில்லை. கடைசியில் ஒரு மேசை. அலுவலர் தில்லைநாயகி பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன பொருள்ல செஞ்சது?"

"கண்ணாடி. கணவர்."

எழுதிக்கொண்டார்.

"கலைஞர்?"

"நான், ரெஜினா. அவரும்தான்."

"ஒரு சீட்டுக்கு ஒரு பேருதான் மேடம்."

"அவரை வெளிய எடுக்கணுமே."

"உடைங்க."

"அவரும் உடைஞ்சிருவாரு."

"அப்ப பொருளாவே இருக்கட்டும். கலைஞர்னா வெளிய நிக்கலாம், டீ தருவோம். பொருள் உள்ளதான் இருக்கணும்."

நான் சிலையைப் பார்த்தேன். இதுவரை நான் செய்ததிலேயே நல்லது அதுதான். அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் மூன்று நாளாக வீட்டில் அவர் இருமல் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கலைஞர்னு அவர் பேரை எழுதுங்க."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"எழுதுங்கம்மா."

எழுதினார். முத்திரை குத்தினார். நான் உள்ளே இருந்தேன்.

கதகதப்பாகத்தான் இருக்கிறது. முதுகு பற்றி அவர் சொன்னது உண்மை. வெளியே ஞானராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுசாக, இரண்டு காலில் நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கண்ணாடி மங்கியதும் முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

கூட்டம் சேர்ந்தது. ஒரு பெண் சிலையை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

"பிரமாதம் சார். நீங்க ஒருத்தரேவா செஞ்சீங்க?"

ஞானராஜ் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு வருஷமாக நானும் அதைத்தான் சொல்லி வந்தேன், அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே.