தாழ்ந்த குரலில் வசவு

அன்புசெல்வி சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியபோது, நிறைசினையாக இருந்த செவலை, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் விளிம்பில் நின்றிருந்தது. பின்னங்காலடி மண் உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. மாட்டுக்கு எதிரே அவள் புருஷன் மகுடேஸ்வரன், கையில் தடியோடு, "ஏய்! இங்க வா! வான்னு சொல்றேன்ல!" என்று கத்திக்கொண்டிருந்தான். செவலையின் முதுகில் தடி பட்ட தடிப்பு.

நடந்தது அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது. இடம் மாற்றிக் கட்டப் போயிருக்கிறான். மாடு கொஞ்சம் தயங்கியிருக்கிறது. இவனுக்குப் பொறுக்கவில்லை. பனியன் கம்பெனியில் மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வேலை வாங்கிப் பழகிய வாய். வயிற்றில் கன்றோடு நிற்கிற வாயில்லா ஜீவனிடமா அந்த முதலாளித்தனத்தைக் காட்டுவது? அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. ஆனால் கத்தினால் மாடு இன்னும் ஓரடி பின்னால் வைக்கும். அந்த ஓரடி அங்கே இல்லை.

பால் கறக்கும்போது பேசுகிற குரலில், தாலாட்டுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"செவலக்கண்ணு, ஒண்ணுமில்ல சாமி... ஏனுங்க, அந்தத் தடிய மெதுவாக் கீழ போடுங்க. அறிவுன்னு மருந்துக்காச்சும் இருக்குதுங்களா உங்களுக்கு? வா தங்கம்... அப்படியே ஒதுங்கி நில்லுங்க. நீங்க மறிச்சு நின்னா அது எங்கீங்க போகும், உங்க தலைமேலயா?"

மகுடேஸ்வரன் வாயைத் திறந்தான்.

"பேசாதீங்க. பேசுனீங்கன்னா உங்களையத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்," என்றாள், அதே தாலாட்டில்.

அவன் ஒதுங்கினான். அவள் மாட்டுக்கு நேராகப் போகவில்லை. பக்கவாட்டில், பார்வையைத் தரையில் வைத்து, ஓரடி வைப்பதும் நிற்பதுமாகப் போனாள். செவலையின் காது அவள் பக்கம் திரும்பியது. பெருமூச்சு விட்டு ஒரு காலை முன்னே வைத்தது, பிறகு மற்றதை. கல்யாணமான நாளிலிருந்து விழுங்கிவைத்ததையெல்லாம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே அவள் அதைக் கட்டுத்தறிவரை கூட்டிவந்தாள். அவனும் கேட்டுக்கொண்டே தள்ளி நடந்துவந்தான்.

அவள் கயிற்றைக் கட்டி முடித்ததும் மகுடேஸ்வரன், "செரி உடு, அதான் ஒண்ணும் ஆகலையே," என்று மாட்டைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினான். செவலை முளைக்குச்சியே பிடுங்கிக்கொள்ளும்படி பின்வாங்கியது. அன்புசெல்வியும் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினாள்.

தன் கால் செய்த காரியத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் தொண்டைவரை வந்துவிட்டது.

"வாங்க," என்றாள். மாட்டுக்குக் கேட்காத தூரத்துக்கு, வேலியோரம்வரை அவனைக் கூட்டிப்போனாள். அங்கே நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"இனி அது மேலயும் எம்மேலயும் கை ஓங்கிப் பாரு!"