சூரியன் வீட்டுக்கு வழி

வெங்கடகிருஷ்ணனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலது கால் ஏறக்குறையப் பழையபடி ஆகிவிட்டது. வலது கை டம்ளரைப் பிடிக்கும். சட்டைப் பொத்தானைப் போடாது. பேச்சுதான் சரியாகவில்லை. அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் ‘செருப்பு’ என்று வரும். ஜன்னலைச் சாத்தச் சொல்ல நினைத்தால் ‘ஜனவரி’ என்று வரும். தப்பாக வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். அதுதான் அவரை வதைத்தது. கர்நாடகப் பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு வருஷம் இன்ஜினீயராக இருந்தவர். மேலதிகாரிகளிடம் கன்னடத்திலும், மேஸ்திரிகளிடம் தமிழிலும், ஃபைலில் ஆங்கிலத்திலும் ஒரு சொல் பிசகாமல் இருந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தங்கை கணவர் பத்ரிநாத் பார்க்க வந்தார். பழப்பையோடு வாசலில் நின்றவரைக் கண்டதும் வெங்கடகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகமெல்லாம் மலர்ந்தது. “போயிட்டு வாங்கோ, போயிட்டு வாங்கோ” என்று கையை நீட்டி வரவேற்றார்.

பத்ரிநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எப்படி இருந்த மனுஷர்!” என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

வெங்கடகிருஷ்ணனின் மனைவி அலர்மேல்மங்கைக்கோ சிரிப்பு வந்துவிட்டது. பத்ரிநாத் வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரை வாசலிலேயே வழியனுப்பிவிட்டாரே! அவள் சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரித்து ஓய்ந்ததும் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. உடம்பு முடியாத புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறவள் என்ன மனுஷி?

அன்றோடு வெங்கடகிருஷ்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார். பத்ரிநாத்தின் கலங்கிய கண்களை அவர் பார்த்திருந்தார். புனேயிலிருந்து மகன் சுஹாஸ் வீடியோவில் அழைத்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். “அப்பா நன்னா இருக்கார், தூங்கறார்” என்று அலர்மேல்மங்கை சொல்வாள். காபி வேண்டுமா, ஃபேன் வேண்டுமா, எல்லாவற்றையும் அவளே கேட்டு அவளே பதில் சொன்னாள். சாயங்காலம் பார்க்குக்கு நடந்து போவதையும் விட்டுவிட்டாள். யாராவது “ஸார் எப்படி இருக்கார்?” என்று கேட்பார்களே என்ற பயம். ஏழு வாரம் இப்படியே ஓடியது. பெங்களூர் ஜெயநகரில் அந்த வீட்டில் மிக்ஸி ஓடும்போதுதான் சத்தம் கேட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீரஞ்சனி முப்பது வயதுகூட ஆகாத பெண். அடுகோடியில், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய இடம். தனியாக உட்காரவைத்து என்ன செய்தாலும் அவர் வாயைத் திறக்காததைப் பார்த்து, “புதன்கிழமை காலைல ஒரு குரூப் நடத்தறேன் ஆன்ட்டி. அங்கிளைக் கூட்டிண்டு வாங்க. பேச வேண்டாம், சும்மா உக்காந்திருந்தா போதும்” என்றாள்.

அவர் வரமாட்டேன் என்று தலையாட்டினார். “எனக்காக வாங்கோ. எனக்கும் நாலு மனுஷா முகத்தைப் பார்க்கணும்போல இருக்கு” என்றாள் அலர்மேல்மங்கை. அவள் எதையும் தனக்காகக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. அவர் சட்டையை எடுத்து நீட்டினார், பொத்தான் போட்டுவிடச் சொல்லி.

அந்த அறையில் ஏற்கெனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். சந்திரனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அடுகோடியிலேயே ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டியவர், அவருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. அவருடைய மனைவி மரகதம் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவள். புதன்கிழமைகளில் மதிய ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு கணவரை அழைத்து வந்துவிடுவாள். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாகிறதாம். அலர்மேல்மங்கை உட்காருவதற்குள் இவ்வளவும் சொல்லிவிட்டாள்.

ஸ்ரீரஞ்சனி படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். யானைப் படம் வந்தது. சந்திரன் அதை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு நிச்சயமாகத் தெரிந்தவர்போல, “மாமியா” என்றார்.

“யோவ்!” என்று மரகதம் எழுந்தேவிட்டாள். “எங்கம்மாவையா சொல்ற? ஆறு மாசமா ஒரு வார்த்த ஒழுங்கா வரல, வந்தா இதுதான் வருதா? மனசுல இருந்தது இப்பதான் வெளிய வருது பாரும்மா!” சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்திரனும் தோள் குலுங்கச் சிரித்தார்.

அலர்மேல்மங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சிரிக்கறீங்களே, அவருக்கு வருத்தமா இருக்காதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“மொத ரெண்டு மாசம் அழுதேம்மா” என்றாள் மரகதம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் அழுவுறதப் பாத்து அவரும் அழுவாரு. ஒரு நாளு தோசைக்குச் சட்னி கேக்குறதுக்கு ஸ்பேனர் கேட்டாரு. என்னையும் மீறிச் சிரிச்சிட்டேன். பாத்தா அவரும் சிரிக்கிறாரு. அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒழுங்கா சாப்ட்டோம். சிரிக்காம இன்னாம்மா பண்றது?”

பக்கத்தில் ஏதோ அசைவது தெரிந்து அலர்மேல்மங்கை திரும்பினாள். வெங்கடகிருஷ்ணனின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்திருந்தது. மறுபடியும் வந்துவிட்டதோ என்று பதறி அவருடைய தோளைப் பிடித்தாள். பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார்.

ஒரு கட்டத்தில் முடியாமல் அவர் வெடித்துச் சிரித்தார். அட்டையைச் சுட்டிக்காட்டி, சந்திரனுக்குச் சரியான வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கும் ஆவேசத்தோடு, “அது… அது… எலக்ட்ரிசிட்டி!” என்றார்.

ஏழு வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. இதோ முகம் சுருங்கப்போகிறது, இனி ஒரு வருஷத்துக்கு வாய் திறக்கமாட்டார் என்று அலர்மேல்மங்கை நினைத்தாள்.

சந்திரன் இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாவம் பார்ப்பது துளியும் இல்லை. நீயும் நம்ம ஆளுதானா என்பதுபோல இருந்தது. வெங்கடகிருஷ்ணன் அவரையே பார்த்தார். பிறகு மறுபடியும், வேண்டுமென்றே, “எலக்ட்ரிசிட்டி” என்றார். இந்த முறை அலர்மேல்மங்கைதான் முதலில் சிரித்தாள். முந்தானையைத் தேடவில்லை.

அதற்குப் பிறகு புதன்கிழமைக்காக அவர் செவ்வாய்க்கிழமையே சட்டை எடுத்துவைத்தார். வார்த்தைகள் உடனே திரும்பிவிடவில்லை. பத்தில் மூன்று சரியாக வரும், சில நாள் ஐந்து. வராத வார்த்தையோடு முட்டிக்கொண்டு நிற்காமல் அதைச் சுற்றிப் போகச் சொல்லிக்கொடுத்தாள் ஸ்ரீரஞ்சனி. “பேனான்னு வரலியா? எழுதறதுன்னு சொல்லுங்க அங்கிள். எதிர்ல இருக்கறவாளுக்குப் புரிஞ்சா போறும்.” வீட்டில் அவர் தப்பாகச் சொன்னால் அலர்மேல்மங்கை சிரித்தாள், அவரும் சிரித்துவிட்டு மறுபடி முயன்றார். ஒரு நாள் சுஹாஸ் அழைத்தபோது பால்கனிக்குப் போகாமல் உட்கார்ந்து, “என்னடா, குளிச்சியா?” என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்க வந்தவர். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, “குளிச்சேம்ப்பா” என்றான்.

ஆறாவது புதன்கிழமை சந்திரனும் மரகதமும் வரவில்லை. பத்தரை, பதினொன்று ஆயிற்று. ஸ்ரீரஞ்சனி ஃபோன் செய்து பார்த்தாள், ஸ்விட்ச் ஆஃப். அவள் முகம் மாறியது. சந்திரனுக்கு ரத்த அழுத்தம் குறையவில்லை, இன்னொரு தடவை வரலாம் என்று டாக்டர் எச்சரித்தது எல்லாருக்கும் தெரியும்.

வெங்கடகிருஷ்ணன் எழுந்து நின்றார். “போ… போகணும்” என்றார்.

“எங்க போறது? அட்ரஸ் யாருக்கும் தெரியாதே” என்றாள் அலர்மேல்மங்கை. ஆனாலும் கிளம்பினார்கள். மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கிற சந்து என்று மரகதம் ஒரு தரம் சொன்னது மட்டும் நினைவிருந்தது. ஆட்டோ மில் வாசலில் இறக்கிவிட்டது. பின்னால் ஒரு சந்து இல்லை, நான்கு இருந்தன. எல்லாம் ஆட்டோ நுழையாத அகலம். அலர்மேல்மங்கை அவரை ஒரு நிழலில் நிறுத்திவிட்டு, மில்லுக்குள் போய்க் கேட்டாள். அங்கே இருந்தவர்கள் புதிதாக வந்தவர்கள், யாரையும் தெரியாது என்றார்கள்.

அவள் வெளியே வந்தபோது நிழலில் அவரைக் காணவில்லை. சுற்றிலும் பார்த்தாள். எதிர்ச்சாரியில் டீக்கடை முன்னால், ஏழெட்டுப் பேருக்கு நடுவில், நின்றுகொண்டிருந்தார். டீக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவருக்காகத் தான் பேசிவிடவேண்டும் என்று அவள் கால் பரபரத்தது. பக்கத்தில் போனவள் ஏனோ நின்றுவிட்டாள்.

“சூரியன்… சூரியன் மனெ எல்லி?” என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். சந்திரன் வீட்டைக் கேட்கவந்தவர் வாயில் சூரியன் வந்துவிட்டான்.

“சூரியனா? அந்தப் பேர்ல யாரும் இல்லியே சார்” என்றார் டீக்காரர், அவருடைய முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறி.

வெங்கடகிருஷ்ணன் தலையை ஆட்டினார். தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் டீ குடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. வலது கையைத் தூக்கி வானத்தைக் காட்டினார். “சூரியன் இல்ல. ராத்திரி… ராத்திரி வருமே… வட்டமா…”

டீக்காரர் வானத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முகம் பளிச்சென்றது. “ஓ, சந்திரண்ணாவா! லேத் மிஷின் சந்திரண்ணா!”

“அதே! அதே!” என்று வெங்கடகிருஷ்ணன் கத்தினார். நின்றவர்களில் ஒருவர் கைதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அவர் சத்தமாகச் சிரித்தார். “மூணாவது சந்து சார், பச்சைக் கதவு” என்றார் டீக்காரர். திரும்பிய வெங்கடகிருஷ்ணன் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். வழி காட்டுகிறவரைப்போல முன்னால் நடந்தார்.

சந்துக்குள் நுழைந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை. அலர்மேல்மங்கை பெருமாளை நினைத்துக்கொண்டு, “மரகதம்” என்று கூப்பிட்டாள்.

“ஐயோ, மாமி! சார்!” என்று கரண்டியோடு மரகதம் வந்தாள். “வாங்க, வாங்க. நேத்து தண்ணி பிடிக்கறப்ப ஃபோனு பக்கெட்டுல வுழுந்திடுச்சு. அரிசில போட்டு வெச்சிருக்கேன். டீச்சரம்மா நம்பரு அதுலதான் கீது. சொல்ல முடியாமப் பூட்டுது.”

“சந்திரன்?” என்றாள் அலர்மேல்மங்கை.

“பட்டறைக்குப் பூட்டாரு மாமி! ஓனரு காத்தால ஆளனுப்பி, அரை நாளு வந்து நின்னு பாக்குறியான்னு கேட்டாரு. சட்டைகூட மாத்தல, அப்டியே ஓடிட்டாரு.”

அலர்மேல்மங்கை அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது. மரகதம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, எதற்காக வந்தார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். “எங்களைத் தேடிக்கினா வந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டு மணிக்குச் சந்திரன் கை முழுக்க ஆயில் கறையோடு வந்தார். வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தயங்கி எட்டிப் பார்த்தார். வெங்கடகிருஷ்ணன் எழுந்துபோய், கறையைப் பார்க்காமல், அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு சந்திரன், “வேலை” என்றார். சரியான வார்த்தை. தலையை மேலும் கீழும் ஆட்டி, “வேலை, வேலை” என்று மறுபடி சொன்னார்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று மரகதம் வழியை மறித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் வீடு தவிர வெளியே எங்கும் சாப்பிடாதவர் வெங்கடகிருஷ்ணன். அலர்மேல்மங்கை ஏதாவது சாக்குச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சந்திரனுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

சோறும் கீரைக் கடைசலும் ரசமும். டீக்கடையில் நடந்ததை அலர்மேல்மங்கை சொல்ல, சந்திரனுக்குப் புரையேறியது. மரகதம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெங்கடகிருஷ்ணனின் தட்டில் இரண்டாவது தடவை சோறு விழப்போகும்போது அவர் போதும் என்று சொல்ல நினைத்தார்.

“இன்னும்” என்றார்.

மரகதம் சந்தோஷமாக இன்னொரு கரண்டி வைத்தாள். அவர் அவசரமாகத் தலையாட்டி, “இன்னும், இன்னும்!” என்றார். இன்னொரு கரண்டி விழுந்தது. அவர் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம். ரசத்தைப் பிசைந்தபடி பேசாமல் இருந்தாள். கடைசியில் அவர் இரண்டு கைகளாலும் தட்டை மூடிக்கொண்டு, “வயிறு! வயிறு!” என்று கத்தியபோதுதான் மரகதத்துக்கு விஷயம் புரிந்தது.

வைத்தது அத்தனையும் அவர் சாப்பிட்டார். திரும்பும்போது ஆட்டோவில் அலர்மேல்மங்கையின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஹோசூர் ரோட்டு நெரிசலில் வண்டி நகரவே இல்லை. வழியெல்லாம் ஹாரன். ஐந்து மாதமாகத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த ஏதோ இறங்கிவிட்டதுபோல அவளுக்கு இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, வேறு வழியில் போகட்டுமா என்று கேட்டார்.

“மெதுவாவே போங்கோ” என்றாள்.