ஒரு வேளைக்கு இவ்வளவுதான் ஏறும்

திங்கட்கிழமை காலையில் பியூலாவின் முன்பற்கள் இரண்டும் நோட்டீஸ் கொடுத்தன. சாயங்காலம் ஐந்து மணிக்குள் வைட்டமின் சி வந்து சேராவிட்டால் வேலையை விட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தது. சாட்சிக்கு ஈறு ரத்தத்தில் ரேகை வைத்திருந்தது. பாவம், அதற்கு எழுத வராது.

பியூலா மெடிக்கலுக்கு ஓடினாள். பின்னே? அவள் பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊர்ப்பேர் சொல்கிறவள். தூத்துக்குடி, தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில். முன்பல் இல்லாமல் இதில் ஒரு ஊராவது வாயில் நிற்குமா?

மெடிக்கலில் ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை ஒன்று வாங்கினாள். பெரிசாய்ப் போட்டால் பெரிசாய் ஒட்டும் என்று அவளுக்கு நினைப்பு. அதைப் பிடித்துக்கொண்டு தன் குடல் ஆபீஸுக்குப் போனாள். அவள் படியேறுவதற்குள் ஆபீஸ் இருபத்திரண்டு அடி நீண்டுவிட்டது. குடல் அப்படித்தான்.

கவுண்டரில் கிளார்க் ஆறுமுகநயினார் இருந்தார். வரிசை பெரிசு.

"அண்ணாச்சி, எனக்கு அவசரம்."

"எல்லாருக்கும் அவசரந்தான். நுரை மாத்திரையப் பாருங்க, நின்ன எடத்துலயே கரைஞ்சிட்டான்."

முன்னால் நின்ற நெல்லிக்காய் தொண்டையைச் செருமியது. "நான் இயற்கை. எனக்குத் தனி வரிசை கிடையாதா?"

"உள்ள போனா எல்லாம் ஒரே சி தான். பேசாம நில்லும்."

அந்நேரம் கொழுப்புச் சட்டை போட்ட கேப்சூல் ஒன்று பக்கவாட்டில் புகுந்து உள்ளே நழுவியது. பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உமக்கு எம்புட்டுக் கொழுப்புவே!"

"ரெண்டு அடுக்கு, யக்கா" என்றது அது, பணிவாக.

அவள் முறை வந்தபோது மணி நாலே முக்கால். கிளார்க் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயிரமா? பாதிதான் ஏறும். மிச்சம் பின்வாசல். நாலாப் பிட்டு நாலு வேளையாக் கொண்டாந்திருந்தா அம்புட்டும் ஏறியிருக்கும்."

"இனி எங்க நாலு வேளை? அண்ணாச்சி, என் பொழப்பே போயிரும்!"

"பாதி போதுமான்னு பல்லுகிட்ட கேளுங்க."

பற்கள் கலந்து பேசின. போதும் என்றன. பியூலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாத்திரையின் பாதி உள்ளே போயிற்று. பின்னாலேயே அவளும் நுழையப் பார்த்தாள்.

"நீங்க எங்க?"

"இது என் உடம்புல்லா!"

கிளார்க் அவளைத் தராசில் ஏற்றினார். "அறுபத்திரண்டு கிலோ. ஒரு வேளைக்கு இவ்வளவு ஏறாது."

"பொறந்ததுலருந்து உள்ளதான இருக்கேன்?"

"இருந்தீங்க. ஒட்டல."

பின்வாசல் திறந்தது. மிச்சம் ஐந்நூறு மில்லிகிராமும் அவளும் ஒன்றாக வெளியே வந்தார்கள்.

"முதல் தடவைதான் ஒரு மாதிரி இருக்கும்" என்று அது ஆறுதல் சொன்னது.

வெளியே பஸ் ஸ்டாண்டு. மணி ஐந்து. மைக்குக்கு முன்னால் அவள் உடம்பு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தது. முன்பற்கள் இரண்டும் அதன் வாயில்தான் இருந்தன. உடம்பு தூத்துக்குடி, தென்காசி, திருச்செந்தூர் என்று கணீரென்று சொன்னது. ஒரு பிசிறு இல்லை. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு கண்டக்டர் பக்கத்தில் வந்தார். "யக்கா, எந்த ஊருக்கு?"

தூத்துக்குடி என்று சொல்ல பியூலா வாயைத் திறந்தாள். முன்பல் இரண்டும் உடம்போடு நின்றுவிட்டன. "ஊக்குடி" என்றாள்.

"ஊக்குடியா? ஏறுங்க, ஏறுங்க" என்று அவர் விசிலை ஊதினார். "உங்க ஒரு ஆளுக்குத்தான் வண்டி நிக்கி."