நாலு டயரிலும் ஐம்பது

முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவருக்கு, மருமகள் வாங்கி வந்த பேட்டரி கார் மேல் பொட்டு நம்பிக்கைகூட வரவில்லை. சத்தம் போடாமல் ஓடுகிற வண்டி எதையோ மறைக்கிற வண்டி என்பது அவர் கட்சி. போதாக்குறைக்கு ஸ்டெப்னியும் கிடையாது. மாற்று டயர் இருக்க வேண்டிய இடத்தில் டிபன் டப்பா அளவில் ஒரு காற்றடிக்கும் மெஷின்.

"நடுரோட்டுல பஞ்சரானா இத வச்சு என்ன பண்றது, விசிறிக்கிறதா?" என்று கேட்டார். மருமகள் சிரித்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் நாற்பது வம்புக்காரர்களை மேய்க்கிறவளுக்கு இவர் எந்த மூலைக்கு.

அவள் பகட்டுக்காக அந்தக் காரை வாங்கவில்லை. லாரிக்காரர் மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். வீட்டுக்குள் நடக்கிறாள், சமைக்கிறாள், சண்டை போடுகிறாள். வண்டியில் மட்டும் ஏற முடியவில்லை. இரண்டு தடவை டாக்ஸியில் கிளம்பி, இரண்டு தடவையும் பாதி வழியில் அழுதுகொண்டு திரும்பினாள். இரண்டு மணி நேரத் தூரத்தில் அவள் அக்கா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். "நீ வரலேன்னா நான் எந்திரிச்சு வந்துடுவேன், பாத்துக்கோ" என்று போனில் தினமும் மிரட்டுவாள். இவளும் சிரிப்பாள். போனை வைத்ததும் வாசல் வரை நடந்துபோய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றுப்பாலம் வரைக்கும் போய்த் திரும்புவது என்று பேச்சு. முதுகு தாங்கினால் அடுத்த வாரம் அக்கா வீடு.

மருமகள் குளிக்கப் போன சமயம் லாரிக்காரர் கையில் ஒரு கட்டையோடு காரைச் சுற்றி வந்தார். லாரி டயரைத் தட்டினால் கல்லைத் தட்டினதுபோல் 'டங்'கென்று கேட்கும். இது 'தொப்'பென்றது. நாலையும் தட்டினார். நாலும் தொப்.

"காத்தே இல்லாம தள்ளிவிட்டிருக்கான் படுபாவி."

ஏறப்போகிறவள் அவர் பெண்டாட்டி. சும்மா விடுவாரா? அந்தக் குட்டி மெஷினை எடுத்துக் குந்தி உட்கார்ந்து, டங்கென்று கேட்கிற வரை நாலுக்கும் அடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்ததைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மருமகள் ஓட்டினாள்; மற்ற இருவரும் பின்சீட்டில். தெருக்கோடி வேகத்தடையில் கார் ஏறி, பாறாங்கல் விழுந்ததுபோல் இறங்கியது. "ஐயோ அம்மா!" என்று மனைவி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பேட்டரி கனம். அப்பவே சொன்னேன்" என்றார் லாரிக்காரர்.

வீடு திரும்பினார்கள். அவள் வெந்நீர்ப் பையை முதுகில் கொடுத்துக் கட்டிலில் சாய்ந்தாள். "போதும்டா சாமி. அக்காவுக்குச் சொல்லிடுங்க. எனக்கு இனிமே வண்டி வாகனம் கிடையாது."

வாசலில் மருமகள் கார் விற்றவனுக்குப் போன் போட்டாள். "பதினோரு காரோட பின்சீட்டுல உக்காந்து பாத்து வாங்கினேன் சார். இதே வேகத்தடையில அன்னைக்கு மெத்தை மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு மாட்டு வண்டி தேவலை." அவன் ஏதோ பார்க்கச் சொன்னான். அவள் காருக்குள் எட்டி, திரையை விரலால் தள்ளிப் பார்த்தாள். "நாலு டயர்லயும் காத்து ஐம்பது காட்டுது. முப்பத்தாறுதானே இருக்கணும்? இப்படியா அனுப்பி வைப்பீங்க? உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க!"

லாரிக்காரர் வாசலுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றால் பழி டை கட்டிய எவன் தலையிலோ விழுந்துவிடும். அவனும் யோக்கியனாக இருக்க மாட்டான். ஆனால் உள்ளே ஒருத்தி வெந்நீர்ப் பையோடு கிடக்கிறாளே.

"போனை வைம்மா. நான்தான்."

"என்னது மாமா?"

"தட்டிப் பாத்தேன். சத்தம் வரல. அடிச்சேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. "எட்டு மாசமா முதுகைப் பாத்துக்கிட்டேனே, இந்த மனுஷனைப் பாக்காம விட்டுட்டேனே!"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காற்றை இறக்கினாள். முப்பத்தாறு வந்தது. ஆனால் கட்டிலில் இருந்தவள் அசையவில்லை. "ஒரு தடவை பட்டது போதும்."

"நீ வர வேணாம். நான் ஏறிப் பாக்கறேன்" என்று லாரிக்காரர் அவள் சீட்டிலேயே போய் உட்கார்ந்தார்.

அதே வேகத்தடை. கார் ஏறியது, ஒரு மூச்சு வாங்கினதுபோல் எழும்பி, அடங்கியது. இரண்டாவது ஆட்டம் இல்லை. அவர் நம்பாமல், "திருப்பி ஏத்து" என்றார். மருமகள் மூன்று தடவை ஏற்றினாள். ஒட்டுப்போட்ட ரோட்டில் விடச் சொன்னார். வளைவில் பக்கவாட்டில் சாய்கிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தார். அவள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், பிரேக் போடாமலே வண்டி தானே பிடித்து நின்றபோது மட்டும் தலை முன்னால் போனது.

"இதென்ன, பின்னாலேர்ந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி? அவளுக்கு இது ஆகாது."

"குறைக்கலாம் மாமா" என்று திரையில் ஏதோ தொட்டாள். அடுத்த தடவை தலை ஆடவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரம் நின்றார். "பொய் சொல்ல மாட்டேன். சின்னச் சின்னக் குழி லேசாத் தெரியுது. பெரிய மேடு தெரியல. நடுவுல உக்காராதே, ஓரமா உக்காரு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியையும், எந்தச் சாப்பாட்டையும் இந்த மனுஷன் இவ்வளவு புகழ்ந்ததில்லை. எழுந்து செருப்பைத் தேடினாள்.

தெருக்கோடியில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கார் ஏறி இறங்கியது. "ஆச்சா?" என்றாள். "ஆச்சு அத்தை." அதற்குப் பிறகு கடைகள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது, பாலம் வந்தது. மருமகள் திரும்புவதற்கு வேகத்தைக் குறைத்தாள்.

"ஏன் நிக்கறே?"

"பாலம் வரைக்கும்னுதானே பேச்சு?"

"அது அவர் அடிச்ச காத்துக்கு. நீ நேராப் போ. எங்க அக்கா சாப்பிடற நேரத்துக்குள்ள போயிடலாம்."

லாரிக்காரர் பதறினார். "அடியே, வீட்டைச் சரியாப் பூட்டினமா? மாத்திரை எடுத்தியா?"

"பையில இருக்கு" என்றாள். எப்போது எடுத்துவைத்தாள் என்று சொல்லவில்லை.

கார் பாலத்தின் மேல் ஏறியது. லாரிக்காரர் முன்சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி, "பாலத்து இணைப்பு வருது, தூக்கிப் போடும், மெதுவா. இடது பக்கம் ஒரு பள்ளம், ஒதுக்கி விடு. அதோ..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம உக்காருங்க" என்றாள் மனைவி. "எட்டு மாசமாச்சு. என்னை வெளியே பாக்க விடுங்க."