இருநூற்றைம்பதில் முனகியது

1

"எவ்வளவு கூடினா தாங்கும்?"

"தகட்டுல 230 வோல்ட்னு போட்டிருக்கு. பத்து சதவீதம் கூடலாம், குறையலாம்."

"அதுக்கும் மேல போனா?"

"முனகும். அப்புறம் சுடும். மனுஷங்க மாதிரியேன்னு எழுதிடாதீங்க."

மின்மாற்றி செய்யும் பட்டறையில் நான் கேட்டதும் டெஸ்டிங்காரம்மா சொன்னதும் இவை. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

2

முதல் வரைவு: "அவள் மனம்போலவே மின்மாற்றியும் வெடித்துச் சித..."

(நிறுத்திவிட்டேன். படித்த டெஸ்டிங்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "253 வரைக்கும் எங்க சரக்கு அசையாது. பொழப்பைக் கெடுக்காதீங்க.")

3

சரி, வெடிக்காது.

பட்டறையில் டெஸ்டிங் பார்க்கும் அவளுக்கு நாற்பது வயது. மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் போகிறாள். அடுத்த மேசையில் கம்பி சுற்றும் வைண்டிங்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போகமாட்டாள். அவருக்கோ வாயில் பூட்டு. நேற்று முதலாளியிடம் அவள் விஷயத்தைச் சொன்னது அவர் காதில் விழும்படிதான்.

இன்று காலை அவர் சுற்றிய மின்மாற்றி ஒன்று சோதனைக்கு வந்தது. 210, 230, 250 என்று மூன்று முனைகள். வீட்டுக்கு வரும் வோல்டேஜைப் பார்த்து அதற்கான முனையில் இணைக்க வேண்டும். 250 சீட்டு கட்டிய முனையில் 250 கொடுத்தாள். முனகியது. தொட்டால் சுட்டது. சீட்டுகள் இடம் மாறியிருந்தன. 210க்குச் சுற்றியதில் 250 பாய்ந்தால் முனகாமல் என்ன செய்யும்?

(இங்கே எனக்கே சந்தேகம். கைதேர்ந்தவர் இப்படியா தவறுவார்? டெஸ்டிங்காரம்மாவையே கேட்டேன்.

"மத்த நாள்ல மாட்டார். நான் லீவு சொன்னா மட்டும் மாத்திக் கட்டுவார்."

"அவர்கிட்ட சொன்னதில்லையா?"

"எதுக்கு? நானே சரி பண்ணிடுவேன்.")

4

ஒரு முடிவு: வழக்கம்போல் சீட்டைச் சரிசெய்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறாள். (எழுத மனசு வரவில்லை.)

இன்னொன்று: பேருந்து நிலையத்துக்கு அவர் ஓடிவந்து... (அவராவது, ஓடுவதாவது.)

ஆகவே இப்படி. மின்மாற்றியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

"சீட்டு மாறிக் கிடக்கு."

"என் கையில மாறினதே இல்லையே."

"நிறைய தடவை மாறியிருக்கு. நான்தான் சத்தமில்லாம சரி பண்ணினேன். அடுத்த மாசம் யாரு பண்ணுவா?"

அவர் கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

அவர் சொல்லப்போகும் பதில் உங்கள் பொறுப்பு. அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவளைத் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைப் போக வேண்டாம்னு சொல்லுங்களேன்."