மணப்பட்டு அத்தை

செல்வகுமாரிக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் காரணம் ஒன்றும் கிடையாது. காரணமில்லாமல் அவள் வில்லியனூரைத் தாண்டியதே இல்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். கணவன் மணவாளன் கரும்பு வெட்டுக்குப் போயிருந்த அன்று காலை, மகள் விட்டுவிட்டுப் போன சைக்கிளை எடுத்து மிதித்தாள்.

கரிக்கலாம்பாக்கம் வரை யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நின்றது. காற்று முதுகைத் தள்ளிவிட்டது. அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்த பக்கிரி, மணவாளனின் கூட்டாளி, கையை நீட்டி மறித்தார்.

"இன்னாம்மா, சைக்கிள்ல? எங்க?"

சும்மா என்று சொன்னால் அடுத்த நிமிடம் மணவாளனுக்குப் போன் போகும். அவன் பைக்கில் வந்து வழியிலேயே திருப்பிக் கூட்டிப் போவான்.

"மணப்பட்டுல அத்தைக்கு ஒடம்பு முடியலண்ணே."

"அடப்பாவமே," என்று பக்கிரி வழிவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் அவர் ஏறிய பஸ் அவளைத் தாண்டியது. பொய்யும் அதே பஸ்ஸில்தான் போகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாகூர் ஏரிக்கரையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

பாகூர் கடைத்தெருவில் மணவாளனின் அக்கா ஆண்டாள், கையில் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு காத்திருந்தாள்.

"பக்கிரி சொன்னாரு. நானும் வரேன். எந்த அத்தைடி? எங்க பக்கம் மணப்பட்டுல யாருமில்லியே."

"எங்க பக்கம் அண்ணி."

"பேரு?"

இதற்கு மேல் போனால் அந்த அத்தைக்கு வீடு கட்டிப் பிள்ளைகளையும் பெற்றுத்தர வேண்டியிருக்கும்.

"அத்தையே இல்ல அண்ணி. சும்மா கடலப் பாக்கலாம்னு கெளம்புனேன். உங்க தம்பிகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க. பாத்துட்டுதான் வருவேன்."

ஆண்டாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள்.

"சீல் ஒடைக்கல. கடைக்காரன் மாத்திக் குடுப்பான். இரு."

இரண்டு பாக்கெட் முறுக்கோடு திரும்பி வந்தாள். "தள்ளு. நீ ஓட்ற லட்சணத்துக்குப் பொழுது சாஞ்சிடும். பின்னாடி குந்து."

கன்னியக்கோயிலில் கடலூர் ரோட்டைக் கடக்கும்போது பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஆண்டாள் அதைவிடச் சத்தமாகத் திட்டினாள். அந்த நேரம் பார்த்துச் செல்வகுமாரியின் போன் அடித்தது. மணவாளன். ஆண்டாள் வண்டியை நிறுத்தி, போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்கூடத்தான்டா இருக்கா. அத்தையா? நல்லாத்தான் இருக்கு. போன வை."

மணப்பட்டில் மணல் ஆரம்பித்த பிறகும் அவள் பிரேக் பிடிக்கவில்லை. சக்கரம் புதைந்து இரண்டு பேரும் சரிந்தார்கள். சிரித்து முடித்து எழுந்த ஆண்டாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினாள். முந்திவிடப் போகிறாளே என்று செல்வகுமாரி செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.